பூங்கா மேலாண்மைப் பணி: வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் வசிக்கும் நான் தாவரவியலில் இளங்கலை முடித்துள்ளேன். பூங்கா மேலாண்மையையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். எங்கள் தெருமுனைப் பூங்காவில் உதிரும் புங்க இலைகளை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, அதே செடிகளுக்கு விலை கொடுத்து உரம் வாங்கிப் போடுகிறார்கள். இலைகளை அங்கேயே மட்கவைத்து, நடைபாதையில் ஓடி வீணாகும் மழைநீரைப் புல்தரைக்குத் திருப்பினாலே செலவு பெருமளவு குறையும் என்பது என் கணிப்பு. (ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குவது தனிக்கதை.)

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் முதுநிலை வனவியல் பயில என் பட்டத்தை ஏற்பார்களா, அல்லது மாதவரம் தாவரவியல் பூங்கா போன்ற இடத்தில் முதலில் களப்பயிற்சி பெறுவது நல்லதா? மாநகராட்சிப் பூங்காக்களைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர்கள் மேற்பார்வையாளர்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள்? குளிர்காலத்தில் பூநாரைகளைக் காண்பதற்காகப் பழவேற்காட்டுக்குப் பயணிகளை அழைத்துச் செல்வோர் எவரேனும் இங்கிருந்தால், உதவியாளராக உடன்வர வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.