டிவிஐ கோப்பை முனையத்திலிருந்து அச்சடித்தால் படத்தின் அளவு சுருங்குகிறது, எழுத்தும் மங்கல் – உதவி தேவை

சுருள்வரி:
வணக்கம் நண்பர்களே. லாடெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளில் எழுதிய வடிவியல் பயிற்சி ஏடு ஒன்று கைவசம் இருக்கிறது. பழைய கோப்பு. படங்கள் முழுக்க பிஎஸ்டிரிக்ஸ் என்ற வரைபடத் தொகுப்பில் வரைந்தவை. லாடெக் ஓட்டி டிவிஐ என்ற இடைநிலைக் கோப்பை எடுப்பேன், அதை டிவிஐபிஎஸ் மூலம் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரிக்கும் அச்சு மொழி) ஆக்குவேன், பிறகு பிஎஸ்2பிடிஎஃப், கடைசியில் எல்பி கட்டளையால் அச்சுக்கு. எல்லாம் ஒரே ஷெல் ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறது. பழைய கணினியில் சரியாக வந்துகொண்டிருந்தது. புதிய கணினியில் லாடெக் நிறுவியதிலிருந்து தொல்லை.

ஏட்டில் 100 மில்லிமீட்டர் அளவுகோல் படம் ஒன்று உண்டு. மாணவர்கள் அதன் மேல் தங்கள் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிரிண்டரில் அது 97 மிமீக்கும் குறைவாக விழுகிறது. இன்னொரு பிரிண்டரில் அளவு சரி, ஆனால் பக்க எண் தாளின் அடியில் பாதி வெட்டுப்படுகிறது. கீழே 20 மிமீ இடம் விட்டுத்தான் அமைத்திருக்கிறேன். எழுத்துகளும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கட்டுப் போலத் தெரிகின்றன.

ஆவணத்தின் முதல் வரியில் ஏ4பேப்பர் என்று போட்டிருக்கிறேன். பிரிண்டரில் இருப்பதும் ஏ4 தாள்தான். பிரிண்டர் கோளாறா, டிரைவர் கோளாறா?

விரைவுவிடை:
இந்தக் காலத்தில் எதற்கு டிவிஐ? பிடிஎஃப்லாடெக் ஓட்டுங்க, நேராகப் பிடிஎஃப் வரும். வேலை முடிஞ்சுது.

சுருள்வரி:
பிஎஸ்டிரிக்ஸ் படங்கள் உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல்கள். பிடிஎஃப்லாடெக்குக்கு அவை புரியாது. டிவிஐயை நேராகப் பிடிஎஃப் ஆக்கும் டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் போட்டும் பார்த்தேன், பாதிப் படங்கள் காணாமல் போயின. எல்லாவற்றையும் திரும்ப வரைய நேரமில்லை.

பின்னங்கோடு:
பிரிண்டரை விடுங்கள். முதலில் பிடிஎஃப்இன்ஃபோ, பிடிஎஃப்ஃபான்ட்ஸ் இரண்டையும் அந்தப் பிடிஎஃப் மேல் ஓட்டி, என்ன சொல்கின்றன என்று எழுதுங்கள். பக்க அளவு வரியும் எழுத்துரு வகைப் பத்தியும் போதும்.

சுருள்வரி:
பக்க அளவு: 612 × 792. எழுத்துரு வகைப் பத்தியில் பெரும்பாலும் டைப் 3 என்று வருகிறது, சிலது மட்டும் டைப் 1.

பின்னங்கோடு:
நினைத்ததுதான். 612 × 792 புள்ளி என்பது லெட்டர் தாள். ஏ4 என்றால் 595 × 842 வந்திருக்க வேண்டும். உங்கள் இரண்டு பிரிண்டர் தொல்லைக்கும் வேர் இந்த ஒன்றுதான்.

டிவிஐ கோப்புக்குள் எந்த எழுத்து, பக்கத்தில் எந்த இடத்தில் என்பது மட்டுமே இருக்கும். எழுத்தின் வடிவமும் இருக்காது, தாளின் அளவும் இருக்காது. 1979-இல் டேவிட் ஃபக்ஸ் அதை அமைத்தபோது நோக்கமே எந்தக் கருவியையும் சாராமல் இருப்பது. மேலிருந்து ஒரு அங்குலம், இடமிருந்து ஒரு அங்குலம் தள்ளி ஒரு தொடக்கப் புள்ளி. மற்றதெல்லாம் அங்கிருந்து எண்ணுவது. நீங்கள் போட்ட ஏ4பேப்பர், வரிநீளத்தையும் பக்க உயரத்தையும் கணக்கிட லாடெக்குக்கு உதவியதோடு சரி. டிவிஐபிஎஸ்-க்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. அது தன் அமைவுக் கோப்பில் முதலில் இருக்கும் தாளை எடுத்துக்கொண்டது. பழைய கணினியில் அது ஏ4, புதியதில் லெட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

லெட்டர் தாள் ஏ4-ஐவிட 50 புள்ளி, அதாவது 17.6 மிமீ குட்டை. மேலிருந்து எண்ணிக்கொண்டு வருவதால் மேல்விளிம்பு சரியாகவே இருக்கும், இழப்பெல்லாம் அடியில். நீங்கள் விட்ட 20 மிமீயில் மிச்சம் இரண்டு மிமீ சொச்சம். பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் ஓரத்தில் சில மிமீ அச்சடிக்காது, அதில்தான் பக்க எண் போகிறது. மற்றப் பிரிண்டருக்குப் போகும் வழியில் ‘தாளுக்குள் பொருத்து’ இயங்குகிறது. லெட்டர் அகலம் 612, ஏ4 அகலம் 595. வகுத்தால் 0.972. தன் ஓர இடத்தையும் கழித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கும். 97-க்கும் குறைவு என்றீர்களே, கணக்கு ஒத்துப்போகிறதா?

இப்போது செய்ய வேண்டியது:

டிவிஐபிஎஸ் -டி ஏ4 -ஓ ஏடு.பிஎஸ் ஏடு.டிவிஐ

இங்கே டி (t), ஓ (o) இரண்டும் சின்ன எழுத்து. இந்தக் கருவியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விளையாட்டு அதிகம். பெரிய டி (T) என்றால் தாளின் அகலத்தையும் உயரத்தையும் எண்ணாகச் சொல்வது. சின்ன ஓ வெளியீட்டுக் கோப்பு, பெரிய ஓ பக்கத்தையே நகர்த்துவது. சின்ன பி தொடக்கப் பக்கம், பெரிய பி பிரிண்டர் அமைவு. மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி வராமலே விபரீதமான விடை வரலாம்.

ஒவ்வொரு முறையும் சொல்ல விருப்பமில்லை என்றால், ஆவணத்தின் முகப்புரையில் (உரை தொடங்கும் முன் வரும் பகுதி) அட்பிகின்டிவிஐ கட்டளைக்குள் ஒரு ஸ்பெஷல் (டிவிஐபிஎஸ் போன்ற கருவிக்கான குறிப்பு) போடுங்கள்: பேப்பர்சைஸ்=210எம்எம்,297எம்எம். அது டிவிஐக்குள்ளேயே பதிந்து போகும், எந்தக் கணினிக்கு எடுத்துப் போனாலும் கூடவே வரும். ஜியோமெட்ரி தொகுப்பும் இதைத் தானே செய்யும். ஆனால் அது விளிம்புகளையும் தன் கணக்குப்படி மாற்றும். பழைய ஏட்டின் பக்கப் பிரிப்பு குலையக் கூடாதென்றால் அதைத் தொடாதீர்கள்.

முனையம்:
டெக்லைவ் (லாடெக்கும் அதன் கருவிகளும் அடங்கிய நிறுவல் தொகுதி) நேரடியாக நிறுவியிருந்தால் ‘டிஎல்எம்ஜிஆர் பேப்பர் ஏ4’ என்று ஒரு தடவை கொடுத்தால் எல்லாக் கருவிகளின் இயல்பளவும் மாறிவிடும். ஆனாலும் நான் இதை நம்பி விடமாட்டேன். இயல்பளவு உங்கள் கணினியின் குணம், கோப்பின் குணமல்ல. கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால் பழைய கதைதான்.

பிஎஸ்2பிடிஎஃப்-இலும் ஒன்று கவனிக்கணும். போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு தானே தாளைச் சொன்னால், பிஎஸ்2பிடிஎஃப்-க்குள் ஓடும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதையே ஏற்கும். கோப்பு வாய் திறக்காதபோது மட்டும் தன் இயல்பளவுக்குப் போகும். அதற்குத்தான் -எஸ்பேப்பர்சைஸ்=ஏ4. பேப்பர்சைஸ் முழுக்கப் பெரிய எழுத்து, முன்னால் வரும் எஸ் சின்னது. தேவையில்லாத இடத்தில் போட்டாலும் கெடுதல் இல்லை.

சுருள்வரி:
அருமை. -டி ஏ4 போட்டதும் பிடிஎஃப்இன்ஃபோ 595 × 842 என்கிறது. பக்க எண் வந்துவிட்டது. சுருக்கும் பிரிண்டரில் அளவுகோல் இப்போது 98 மிமீ. இன்னும் எங்கே போகிறது? எழுத்து அப்படியேதான் இருக்கிறது. டிவிஐபிஎஸ் ஓடும்போது ‘எம்கேடெக்ஸ்பிகே’ என்று வரிசையாகச் செய்திகள் ஓடுகின்றன, அதில் 600 என்ற எண் வருகிறது.

முனையம்:
மிச்சச் சுருக்கம் கப்ஸ் (கணினியில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் அமைப்பு) செய்வது. எல்பி-யில் -ஓ மீடியா=ஏ4 -ஓ பிரிண்ட்-ஸ்கேலிங்=நன் இரண்டும் கொடுங்கள். ஸ்கிரிப்டில் எங்காவது ஃபிட்-டு-பேஜ் இருந்தால் தூக்கிவிடுங்கள். உங்கள் பிரிண்டர் எதையெல்லாம் ஏற்கும் என்று பார்க்க எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையோடு சின்ன பி, பிரிண்டர் பெயர், பிறகு சின்ன எல். முழு ஏட்டையும் அனுப்பாதீங்க, -ஓ பேஜ்-ரேஞ்சஸ்= என்று அளவுகோல் இருக்கும் பக்கத்தை மட்டும் அனுப்பிச் சோதியுங்கள்.

பின்னங்கோடு:
எழுத்து விஷயம். எம்கேடெக்ஸ்பிகே ஓடுகிறது என்றாலே கோட்டுருவ எழுத்துரு (எந்த அளவிலும் வழவழப்பாக வரும் டைப் 1 போன்றது) கிடைக்கவில்லை, மெட்டாஃபான்ட் என்ற எழுத்துரு நிரல் மூலம் அங்குலத்துக்கு 600 புள்ளி என்று படவுருவாக (புள்ளிகளால் ஆன படமாக) தயாரிக்கிறது என்று பொருள். அதுதான் பிடிஎஃப்பில் டைப் 3 ஆக வந்து உட்காருகிறது. 600 புள்ளி பிரிண்டரில் தாளில் நன்றாகவே விழும். திரையிலும், வேறு ரெசல்யூஷன் கொண்ட பிரிண்டரிலும்தான் பல்லிளிக்கும்.

உங்கள் முகப்புரையில் ஃபான்ட்என்க் தொகுப்பு டி1 விருப்பத்தோடு இருக்க வேண்டும், சரியா? அந்தக் குறியாக்கத்தில் இயல்பாக வருவது ஈசி எழுத்துருக்கள். அவற்றுக்கான டைப் 1 வடிவம் சிஎம்-சூப்பர் என்ற தனித் தொகுப்பில் இருக்கிறது. சிறிய நிறுவலில் அது வராது. லத்தீன் மாடர்னுக்கு மாறுங்கள் என்று பலர் சொல்வார்கள். புதிதாக எழுதும் ஆவணத்துக்கு நானும் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். அதன் அளவைகள் கொஞ்சம் வேறு, எங்காவது ஒரு வரி உடைந்தால் பக்கமே தள்ளிப் போகும். சிஎம்-சூப்பர் நிறுவினால் அளவைகள் அதே ஈசி அளவைகள், உருவம் மட்டும் மாறும். லாடெக் திரும்ப ஓட்டக்கூட வேண்டியதில்லை. அதே டிவிஐயை டிவிஐபிஎஸ்-இல் மறுபடி கொடுத்தால் போதும்.

விரைவுவிடை:
டிவிஐபிஎஸ்-இல் பெரிய பி ஒட்டி பிடிஎஃப் என்று போட்டாலே எழுத்து சரியாகிடுமே?

பின்னங்கோடு:
கோட்டுருவம் கணினியில் இருந்தால். இல்லாத ஊருக்கு வழி சொல்லாது. அந்த அமைவில் ரெசல்யூஷன் 8000. எழுத்துரு இல்லையென்றால் 8000-இல் படவுரு தயாரிக்க உட்காரும், நேரமும் இடமும் வீண்.

அதில் இன்னொரு பழைய பொறியும் உண்டு. எஃப், ஐ இரண்டும் ஒட்டிய கூட்டெழுத்து வரும் இடத்தில் பவுண்டு நாணயக் குறி முளைக்கும். டைம்ஸ் போன்ற, லாடெக்கின் அடிப்படையான டெக்கை உருவாக்கிய க்னூத் வகுத்த வரிசையில் அமையாத எழுத்துருக்களில் இது நடக்கும். காரணம், அந்த அமைவு சில எழுத்துகளை வேறு எண்களுக்கு நகர்த்துவது. கூடவே பெரிய ஜி, ஒட்டி பூஜ்யம் போட்டால் நின்றுவிடும்.

சுருள்வரி:
சிஎம்-சூப்பர் நிறுவினேன். டைப் 3 ஒன்றுகூட இல்லை, எம்கேடெக்ஸ்பிகே செய்தியும் இல்லை. பிரிண்ட்-ஸ்கேலிங் போட்டதும் இரண்டு பிரிண்டரிலும் 100 மிமீ. இருவருக்கும் மிக்க நன்றி.

அரைத்தாள்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே வழியில் கையேடு மாதிரி, தாளுக்கு இரண்டு பக்கமாக அடித்து நடுவில் பின் அடிக்க முடியுமா? ஒரு தாளில் பல பக்கங்களை அடுக்கும் பிஎஸ்என்அப் போட்டேன். பக்கங்கள் 1, 2 என்று வரிசையாக வருகின்றன, மடித்தால் குழம்புகிறது.

முனையம்:
பிஎஸ்என்அப்-க்கு முன்னால் பிஎஸ்புக் ஓட்டணும். மடிப்புக்கு ஏற்றபடி பக்கங்களை மாற்றி அடுக்குவது அதன் வேலை. எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வெற்றுப் பக்கங்களையும் அதுவே சேர்க்கும். பிறகு பிஎஸ்என்அப் -2, தாள் ஏ4 என்று இங்கேயும் சொல்லுங்கள். தாள் நிறைய இருந்தால் பிஎஸ்புக்கில் -எஸ்16 கொடுத்து நாலு நாலு தாளாகப் பிரித்துத் தையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மடிப்பில் போட்டால் உள்தாள்கள் வெளியே துருத்தும்.

இருபக்க அச்சில் சைட்ஸ்=டூ-சைடட்-ஷார்ட்-எட்ஜ் கொடுங்கள். லாங்-எட்ஜ் என்றால் பின்பக்கம் தலைகீழாக விழும்.

சுருள்வரியின் ஏட்டுக்கு இது ஆகாது. இரண்டு பக்கத்தை ஒரு தாளில் போட்டால் அளவுகோல் சுருங்கத்தான் செய்யும்.