முப்பது நாளில் கூகுள் முதல் பக்கம் என்று வந்தவரிடம் நாங்கள் பட்டது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு முந்திரிக் கடை. மாமனார் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் போய் டின் டின்னாக எடுத்து வந்து சில்லறைக்கு விற்றது, இப்போது கூரியரில் சென்னை, பெங்களூரு வரை போகிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் கடைக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்று பேச்சு வந்தபோது தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். வெப்சைட்டுக்கு 18,000, அப்புறம் எஸ்.இ.ஓ.வுக்கு, அதாவது கூகுளில் தேடும்போது கடை மேலே வரச் செய்யும் வேலைக்கு, மாதம் 6,000, முப்பதே நாளில் முதல் பக்கம், வேண்டுமானால் எழுதியே தருகிறேன் என்றார். நம்பினோம்.

முப்பதாவது நாள் சொன்னபடி வந்தார். என் போனை வாங்கி எங்கள் கடைப் பெயரை அடித்துக் காட்டினார், முதலில் நாங்கள்தான். அந்தப் பெயரில் வேறு கடையே கிடையாது, அதை அடித்தால் நாங்கள் வராமல் வேறு யார் வருவார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ‘முந்திரி கடை’ என்று அடித்தார், அதிலும் வந்தோம். ஆனால் போன் இருப்பதே எங்கள் கல்லாவுக்கு மேல், பக்கத்தில் இருக்கிற கடையைத்தானே கூகுள் முதலில் காட்டும். தாம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் ‘பண்ருட்டி முந்திரி ஆன்லைன்’ என்று தேடிவிட்டு, “அஞ்சு பக்கம் தள்ளிப் பார்த்தேன் அண்ணி, உங்க கடையையே காணோம்” என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் அனுப்புவார், இத்தனை பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், போட்டாச்சு என்று. ஒரு ராத்திரி உட்கார்ந்து அதில் இருந்த லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எந்த நாட்டு டயர் கடையோ, அதற்குக் கீழே யாரும் படிக்காத ஒரு கமென்ட், அதில் எங்கள் கடை. இல்லையென்றால் பெயரும் முகவரியும் மட்டும் குவித்து வைத்த ஆளில்லாத தளங்கள். இந்த மாதிரி லிங்க் வேலையை அடக்குவதற்காகவே கூகுள் 2012-ல் தன் தேடலில் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது, அதற்குப் பிறகும் விடாமல் இறுக்கிக்கொண்டேதான் வருகிறது. அவரோ அதே சரக்கை எனக்கு விற்றிருக்கிறார். பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெட்டா கீவேர்டு இடத்தில் ‘முந்திரி, கடலூர் முந்திரி, நல்ல முந்திரி’ என்று நாற்பது தடவை நிரப்பி வைத்திருந்தார். தேடலில் வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுளே 2009-ல் சொல்லிவிட்டது.

பதினோராவது மாதம் பணம் கொடுப்பதை நிறுத்தினோம். மூன்றாம் நாள் வெப்சைட் இல்லை. விசாரித்தால் டொமைன் என்கிற வெப்சைட் முகவரி அவர் பெயரில், தளத்தை வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங் அவர் கணக்கில், கூகுள் மேப்பில் எங்கள் கடைக்கு உரிமையாளர் என்று இருப்பதும் அவர் மெயில்தான். பைகளிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரியைத்தான் அச்சடித்து வைத்திருந்தோம். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மேப்பில் இருந்த கடையை மீட்க முடிந்தது. உரிமை கேட்டுக் கோரிக்கை வைத்தோம், அவர் பதில் சொல்லவில்லை, அப்புறம் கடைப் பலகை, தெரு, உள்ளே தராசு, பில் போடும் இடம் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினோம், கிடைத்துவிட்டது. டொமைன் கிடைக்கவில்லை. புதிதாக வாங்கினோம், இந்தத் தடவை என் மெயில், என் நம்பர், ஓ.டி.பி. என் போனுக்கு.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாகத் தருகிறது, நம் பக்கம் எந்தெந்தத் தேடலில் தெரிந்தது என்று அதில் பார்க்கலாம். ஜனங்கள் ‘தரமான முந்திரி’ என்று தேடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் அடித்திருந்ததோ ‘240 320 முந்திரி வித்தியாசம்’, ‘முந்திரியில் வண்டு வராமல் இருக்க’, ‘பாயசத்துக்கு எந்த முந்திரி’. தினமும் கடையில் நின்றுகொண்டு கேட்கிற அதே கேள்விகள்! பதில் முழுக்க என் வாயில் இருந்தது, வெப்சைட்டில்தான் ஒரு வரி இல்லை.

உட்கார்ந்து எழுதினேன். டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டில், அதாவது ஏறக்குறைய 454 கிராமில், 220 முதல் 240 முழுப் பருப்பு நிற்கும். டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. எண் கூடக் கூடப் பருப்பு சின்னது, விலையும் இறங்கும். பாயசத்துக்கு உடைத்த பருப்பே போதும், முழுப் பருப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினேன், வீட்டுக்காரர்தான் முறைத்தார். இரண்டு ரகத்தையும் ஒரே தட்டில் வைத்து, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்து நானே போட்டோ எடுத்தேன். இன்றைக்கும் எங்கள் தளத்தில் அதிகம் பேர் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு முதல் கூரியர் ஆர்டர் வர ஐந்து மாதம் ஆனது. பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும், முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தை நான் படித்திருக்க வேண்டும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பதில்: விடுதி நடத்துபவர், புதுச்சேரி

அக்கா, எங்களுக்கு ஊர்ப் பெயரிலேயே சிக்கல். 2006-ல் பெயர் புதுச்சேரி என்று மாறிவிட்டது, நானும் பொறுப்பாக எல்லா இடத்திலும் புதுச்சேரி என்றே போட்டிருந்தேன். அறை தேடுகிறவர்கள் அடிப்பதோ பாண்டிச்சேரி, அதைவிடச் சுருக்கமாக பாண்டி. கூகுளுக்கு எல்லாம் ஒரே ஊர் என்று தெரியும்தான், ஆனாலும் வருகிறவர் தான் சொல்லும் பெயரைப் பக்கத்தில் பார்த்தால்தான் நிற்கிறார். இப்போது தலைப்பிலேயே இரண்டு பெயரும் இருக்கின்றன.

இன்னொன்று, சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள், பாட்டி வீட்டில் இடம் போதாமல் எங்களிடம் தங்குவார்கள். அவர்களுக்காக பிரெஞ்சில் ஒரு பக்கம் போட்டேன், மெஷினில் மொழிபெயர்த்து. எதிர் வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இதைப் பார்த்துட்டு யாரும் வரமாட்டாங்கப்பா” என்று சொல்லி, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். இந்தப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் ஒரே விஷயத்தின் இரண்டு மொழி என்று கூகுளுக்குச் சொல்ல ஹெச்ரெஃப்லாங் என்று ஒரு குறி இருக்கிறது, அதையும் போட்டோம். போன வருடம் பிரெஞ்சில் வந்த மெயில்களுக்கு அந்த அம்மாதான் பதில் எழுதினார்.

நான் அடிபட்டது வேறு இடத்தில். டிசைன் மாற்றும்போது பக்கங்களின் முகவரியெல்லாம் மாறிவிட்டது, பழைய முகவரிக்குப் போனால் ‘பக்கம் இல்லை’ என்று வந்தது, ஆறு வருடமாகச் சேர்ந்த பெயர் ஒரே வாரத்தில் இறங்கியது. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது முகவரிக்கு அனுப்பும் 301 ரீடைரக்ட் என்பது பழைய வீட்டு வாசலில் புது விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டுப் போவது மாதிரி. அதைப் போட வேண்டும் என்று டிசைன் செய்து கொடுத்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. டிசைன் மாற்றப்போகிறவர்கள் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

பதில்: படகு இன்ஜின் மெக்கானிக், கடலூர் முதுநகர்

எனக்கு வெப்சைட்டே இல்லை அக்கா, மேப்பில் மட்டும்தான் இருக்கிறேன். ஆரம்பத்தில் குறி உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது, இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டு ஆட்கள் எனக்கு போன் செய்து கத்துவார்கள். குறியை நகர்த்தி, பட்டறை படத்தையும் என்னென்ன இன்ஜின் பார்ப்பேன் என்பதையும் போட்டபிறகு போன் அதிகமாக வருகிறது. தேடுவதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை, இந்த மூன்றையும் பார்த்துத்தான் மேப்பில் வரிசைப்படுத்துகிறார்களாம். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது, மற்ற இரண்டிலும் செய்ய நமக்கு வேலை இருக்கிறது.

ஐந்து நட்சத்திரம் போட்டால் ஆயில் மாற்றக் கூலி வேண்டாம் என்று பட்டறையில் எழுதி வைத்திருந்தேன். அப்படிச் சலுகை காட்டி ரிவியூ வாங்குவது விதிக்கு விரோதம் என்று பிறகுதான் தெரிந்தது, பலகையை எடுத்துவிட்டேன், அதற்குள் வந்திருந்த சில ரிவியூக்களும் காணாமல் போய்விட்டன.

‘கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங் முடியப்போகிறது, பணம் கட்டுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மேப்பில் கடை இருப்பதற்குக் காசே கிடையாது. பக்கத்து மீன்வலைக் கடை அண்ணன் ஓ.டி.பி. நம்பரைச் சொல்லிவிட்டார், மேப்பில் இருந்த கடையைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தார்.

பதில்: நெல்லிக்குப்பம்

இப்போது கூகுளே மேலே ஏ.ஐ. பதிலைச் சொல்லிவிடுகிறதே, இனிமேல் இவ்வளவு எழுதுவதால் பிரயோஜனம் உண்டா? நாட்டுச் சர்க்கரைக்கு ஒரு தளம் போடலாம் என்று இருக்கிறேன், சொல்லுங்கள் அக்கா.

பதில்: முந்திரிக் கடை, மஞ்சக்குப்பம்

எங்கள் தளத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன் தம்பி. 240-க்கும் 320-க்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள மட்டும் வந்தவர்கள் குறைந்திருக்கிறார்கள், அது தெரிகிறது. விலை கேட்பவர்கள், கல்யாணத்துக்கு இருபது கிலோ வேண்டும் என்பவர்கள், எந்தத் தேதியில் கிடைக்கும் என்பவர்கள் குறையவில்லை. உங்கள் சர்க்கரையை எந்த ஊர்க் கரும்பில், எந்த மாதத்தில், எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று படத்தோடு போடுங்கள், அதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. டொமைனை மட்டும் உங்கள் கையாலேயே வாங்குங்கள், ரசீதை எடுத்து வையுங்கள், புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எங்கள் பழைய டொமைனில் இப்போது எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ விளம்பரம் ஓடுகிறது. அச்சடித்த பில் புத்தகம் இன்னும் பதினான்கு பாக்கி இருக்கிறது, ஒவ்வொரு பில்லிலும் அந்த முகவரிமேல் வெள்ளைத்தாள் ஒட்டித்தான் கிழித்துக் கொடுக்கிறோம்.