ஒருமுறை வாங்கியவருக்கெல்லாம் விளம்பர மெயில் அனுப்பினேன், இப்போது ஆர்டர் மெயிலே ஸ்பேமுக்குப் போகிறது

தாளும்நூலும் எழுதியது:

வணக்கம். கையால் தைத்துக் கட்டிய குறிப்பேடுகள் விற்கும் சின்ன ஆன்லைன் கடை என்னுடையது. தளம் வேர்ட்பிரஸ், அதன் மேல் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ். தைப்பது, படம் எடுப்பது, பொட்டலம் போடுவது, மெயிலுக்குப் பதில் எழுதுவது எல்லாம் நான் ஒருத்திதான். மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

நான்கு வருடத்தில் 1,140 பேர் வாங்கியிருக்கிறார்கள். அதில் கணக்கு தொடங்கியவர்கள் 290 பேர்தான். மீதி 850 பேரும் கணக்கு இல்லாமலே வாங்கிப் போனவர்கள். எல்லோரையும் கணக்குக்குள் கொண்டுவந்தால் திரும்பத் திரும்ப வருவார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு இரண்டு வேலை செய்தேன். முதலில், கணக்கு தொடங்காமல் வாங்க முடியாதபடி செக்அவுட்டை, அதாவது பணம் கட்டும் பக்கத்தை, மாற்றினேன். அப்புறம் பிளகின் என்கிற கூடுதல் நிரல் ஒன்றைப் போட்டு அந்த 850 பேருக்கும் நானே கணக்கு உருவாக்கினேன். அது ஒவ்வொருவருக்கும் "உங்கள் கணக்கு தயார், பாஸ்வேர்டு அமைத்துக்கொள்ளுங்கள்" என்று தானாக மெயில் அனுப்பிவிட்டது. அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. என் பெயரில் யாரோ கணக்கு தொடங்கியிருக்கிறார்கள், கார்டு விவரம் திருடு போய்விட்டதா என்று பதறி ஆறு பேர் எழுதினார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். அடுத்த வாரம் புது அட்டை வகை ஒன்று தயாரானது. 1,140 பேருக்கும் விளம்பர மெயில் தட்டிவிட்டேன். கீழே "இனி வேண்டாம் என்றால் உங்கள் கணக்கில் நுழைந்து அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. நியாயமாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று நினைப்பு வேறு. 61 சதவீதம் பேர் திறந்ததாகக் காட்டியதும் துள்ளிக் குதித்தேன். வந்த ஆர்டர் ஒன்பது.

இப்போது பணம் கட்டியவருக்குப் போக வேண்டிய ஆர்டர் மெயிலே ஸ்பேமில் விழுகிறது. "பணம் போய்விட்டது, ஒரு தகவலும் இல்லை" என்று தினம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். இதை எப்படி மீட்பது? ஒருமுறை வாங்கியவருக்கு விளம்பரம் அனுப்ப எனக்கு உரிமை உண்டா, இல்லையா? கணக்கைக் கட்டாயமாக்கியதே தப்பா?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

திட்டவில்லை. சின்னக் கடைகளின் தளங்களைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. இதே கதையை வேறு வேறு சரக்கோடு பலமுறை கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது நீங்கள் நியாயம் என்று நினைத்துப் போட்ட அந்த ஒரு வரிதான். கணக்கில் நுழைந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். அந்த 850 பேரிடம் பாஸ்வேர்டே கிடையாது. கணக்கு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் அதைத் திருட்டு என்று நினைக்கிறார்கள். வெளியே போக நீங்கள் வைத்த கதவுக்கு அவர்களிடம் சாவி இல்லை. மெயிலுக்கு மேலேயே இன்னொரு கதவு திறந்து கிடக்கிறது, "ஸ்பேம் என்று புகாரளி". ஒரே அழுத்து. நானாக இருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பேன்.

அந்த அழுத்துக்கு எவ்வளவு வலு என்று பாருங்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்று கூகுள் அனுப்புநர்களுக்குச் சொல்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து இதைக் கறாராகப் பார்க்கிறார்கள். 1,140-இல் 0.3 சதவீதம் என்றால் மூன்றரைப் பேர்கூட இல்லை. உங்களிடம் பதறி எழுதியவர்களே ஆறு பேர்.

ஆர்டர் மெயில் ஏன் சேர்ந்து அடிவாங்குகிறது? இரண்டும் ஒரே டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), அநேகமாக ஒரே சர்வரிலிருந்து போகின்றன. ஜிமெயில் அந்த டொமைனுக்கு மனதில் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு வந்த கெட்ட பெயர் ரசீதுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு சோதனை ஆர்டர் போட்டு, வரும் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் அசல் வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ் அல்லது ஃபெயில். எந்தெந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் முதலாவது. இரண்டாவது, மெயில்மேல் விழும் டிஜிட்டல் முத்திரை. இரண்டும் பொருந்தாவிட்டால் வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதிவைக்கும் உத்தரவு மூன்றாவது. வேர்ட்பிரஸ்ஸை நிறுவியபடியே விட்டால் தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே பிஎச்பி நிரல் வழியாகத்தான் மெயில் போகும், பல இடங்களில் முத்திரையே விழாது. ஆர்டர் மெயிலுக்கென்றே இருக்கும் ஒரு எஸ்எம்டிபி சேவைக்கு, அதாவது மெயில் அனுப்பித் தரும் வெளிச் சேவைக்கு, மாறுங்கள். விளம்பரத்தை நியூஸ் என்றோ வேறு எப்படியோ ஒரு சப்டொமைனிலிருந்து (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளைப் பெயர்) அனுப்புங்கள். முழுக்கப் பிரிந்துவிடாது, ஆனால் அடி அவ்வளவாகப் பரவாது.

61 சதவீதத்தை மறந்துவிடுங்கள். 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மெயிலில் உள்ள படங்களை ஆள் திறக்கும் முன்பே இறக்கிவைத்துவிடும். அதுவும் "திறந்தார்" என்றே கணக்காகும். ஒன்பது ஆர்டர் என்பதுதான் நிஜமான எண்.

பட்டியலைப் பற்றி: 1,140 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு, "தொடரலாமா?" என்று ஒரே ஒரு மெயில் அனுப்புங்கள். ஆம் என்று சொன்னவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிநிறைய எழுதியது:

கடைக்காரர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் வாங்குகிறவளின் குரலும் ஒன்று இருக்கட்டும்.

என் மெயில் முகவரி சின்னது, எளிதானது. அதனாலேயே யார் யாரோ தங்களுடையது என்று நினைத்து அதைத் தட்டிவிடுகிறார்கள். முன்பின் பார்த்திராத கடைகளில் எனக்குக் கணக்கு இருக்கிறது. யாரோ வாங்கிய செருப்பின் அளவு எனக்குத் தெரியும். "விலக வேண்டுமானால் லாகின் செய்யவும்" என்பார்கள். யார் பெயரில் செய்வது? நேரே ஸ்பேம் பட்டன்தான். எனக்கு அதில் குற்ற உணர்ச்சியே கிடையாது.

ஒரு முகவரியைப் பட்டியலில் சேர்க்கும் முன் "நீங்கள்தானா?" என்று கேட்டு ஒரு உறுதி மெயில் அனுப்பினால் போதும். நான் அழுத்தமாட்டேன், கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஊசிமுனை எழுதியது:

தாளும்நூலும், நானும் தனியாள் கடைதான், பின்னல் வேலை. பல நாடுகளுக்கு அனுப்புகிறேன். அதனால் உரிமை பற்றிய உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் கடை எங்கே இருக்கிறது என்பதோடு விஷயம் முடியாது, வாங்கியவர் எங்கே இருக்கிறார் என்பதும் சேரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-ஆம் ஆண்டு உத்தரவு ஒரு சின்ன சலுகை தருகிறது. விற்பனையின்போது முகவரி வாங்கியிருந்தால், அதே மாதிரிப் பொருட்களைப் பற்றி எழுதலாம். ஆனால் முகவரி வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும், ஒவ்வொரு மெயிலிலும் மறுபடி தர வேண்டும். நீங்கள் முதலாவதைத் தரவில்லை. சம்மதம் கேட்டு வாங்குவதாக இருந்தால், முன்பே டிக் போட்டுவைத்த பெட்டி செல்லாது. இது 2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்த அவர்களின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 2003 சட்டம் முன்கூட்டிச் சம்மதம் கேட்கவில்லை, ஆனால் விலகச் சொன்னவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்க வேண்டும், உங்கள் அஞ்சல் முகவரி மெயிலில் இருக்க வேண்டும். விலகுவதற்காக ஒரே ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு மேல் வேலை வைக்கக்கூடாது, மெயில் முகவரி தவிர வேறு விவரம் கேட்கக்கூடாது. உங்கள் லாகின் வரி அங்கேயே அடிபட்டுப் போகிறது. கனடாவில் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் வரை மறைமுகச் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். உங்கள் நான்கு வருடப் பட்டியலில் பாதி அதில் தேறாது.

இத்தனையையும் நாடு நாடாகப் பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஒரே வழி வைத்திருக்கிறேன்: செக்அவுட்டில் டிக் இல்லாத ஒரு பெட்டி. "புதுப் பின்னல் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்." அவ்வளவுதான். பத்தில் ஒருவர் டிக் செய்தாலே எனக்குச் சந்தோஷம்.

மூன்றாம்ஷிப்ட் சொன்ன மன்னிப்பு மெயிலை மட்டும் நான் ஏற்கவில்லை. "உங்களுக்கு எழுதலாமா?" என்று கேட்கும் மெயிலும் விளம்பர மெயில்தான். 2017-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் ஃப்ளைபி, ஹோண்டா என்ற இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது இதே மாதிரி மெயிலுக்குத்தான். அதில் ஒன்று ஏற்கெனவே விலகியவர்களுக்கே எழுதி "உங்கள் விவரம் சரிதானா?" என்று கேட்டிருந்தது. சட்டம் கிடக்கட்டும், புகார் சூட்டோடு இருக்கும்போது அதே 1,140 பேரை இன்னொரு முறை தட்டி எழுப்புவானேன்? அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். புதுப் பட்டியலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். விலகியவரின் முகவரியை முழுக்க அழித்துவிடாதீர்கள். நான் மரியாதையாக அழித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் விவரங்களைக் கடையிலிருந்து மறுபடி ஏற்றியபோது, அழித்தவர்கள் அத்தனை பேரும் புது ஆட்களாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "இவர்களுக்கு அனுப்பாதே" என்று தனியாக ஒரு தடுப்புப் பட்டியல் இருக்க வேண்டும். அழிப்பது வேறு, தடுப்பது வேறு.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

ஊசிமுனை சொல்வது சரி. மன்னிப்பு மெயில் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

கணக்கு விஷயம் பாக்கி இருக்கிறது. வூகாமர்ஸ் அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குப் போய், கணக்கின்றி வாங்கும் வசதியைத் திரும்ப இயக்குங்கள். பெயர், முகவரி, மெயில் எல்லாம் ஆர்டரோடு எப்படியும் பதிவாகின்றன, ஆக கணக்கு இல்லாததால் உங்களுக்கு எந்தத் தகவலும் குறையவில்லை. வருடத்துக்கு ஒரு குறிப்பேடு வாங்குகிறவருக்கு இன்னொரு பாஸ்வேர்டு எதற்கு? வேண்டுமானால் பணம் கட்டி முடித்தபின் நன்றிப் பக்கத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்டால் அது சுங்கச்சாவடி.

நீங்களாக உருவாக்கிய கணக்குகளில் இதுவரை யாரும் உள்ளே நுழையாதவற்றை நீக்கிவிடலாம். ஆர்டர்கள் அழியாது, கணக்கில்லாதவர் போட்டவையாக மாறி நிற்கும். முதலில் பேக்கப் எடுங்கள். பேக்கப் எடுங்கள் என்று இரண்டாம் முறையும் சொல்கிறேன்.

புதுப் பட்டியலுக்கு அனுப்பும்போது ஒற்றை அழுத்தில் விலகும் வசதி மெயிலின் தலைப்பகுதியிலேயே (படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத தொழில்நுட்ப வரிகள்) இருக்கட்டும், அதற்கான விதிமுறை ஆர்எஃப்சி 8058 என்று தேடினால் கிடைக்கும். அது இருந்தால் விலகும் பட்டனை ஜிமெயிலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம், நீங்கள் அந்த உயரத்தில் இல்லை. இருந்தாலும் ஸ்பேம் பட்டனுக்குப் போகிற விரலை அது திருப்பிவிடும்.

தாளும்நூலும் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் இல்லவே இல்லை. நான்கு வருடமாக முத்திரை இல்லாமலே கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆர்டர் மெயில் இப்போது ஹோஸ்டிங்கை விட்டு எஸ்எம்டிபி சேவை வழியாகப் போகிறது. முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் தெரியவில்லை, அழுகை வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து "தகவல் இல்லை" என்ற புகார் குறைந்து, இந்த வாரம் ஒன்றுதான். அதிலும் அவர் முகவரியில் .காம் என்பதை .கான் என்று அடித்திருந்தார்.

850 கணக்கில் உள்ளே நுழைந்தவர்கள் 64 பேர். மற்றவற்றை நீக்கிவிட்டேன். (பேக்கப் எடுத்தேன், இரண்டு முறை.) கணக்கில்லாமல் வாங்கும் வசதி திரும்ப வந்துவிட்டது. செக்அவுட்டில் "புது அட்டை தைத்து முடிந்ததும் சொல்லுங்கள்" என்று டிக் இல்லாத பெட்டி. பெட்டிநிறைய சொன்ன உறுதி மெயிலும் உண்டு. இதுவரை பதினேழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பதினேழு! பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு சந்தேகம். போன விளம்பரத்துக்குக் கோபமாக "இனி எழுதாதீர்கள்" என்று பதில் போட்டவரைத் தடுப்புப் பட்டியலில் வைத்திருந்தேன். நேற்று அவரே ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறார். பெட்டியில் டிக் இல்லை. விளம்பரமும் ஆர்டர் மெயிலும் எனக்கு ஒரே சேவைதான், சப்டொமைன்தான் வேறு. அவருக்கு ரசீது போயிருக்குமா?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நல்ல இடத்தில் சந்தேகம் வந்திருக்கிறது. சில சேவைகளில் கணக்கு முழுவதற்கும் ஒரே தடுப்புப் பட்டியல், ரசீதையும் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். சில சேவைகளில் பிரிவு பிரிவாக இருக்கும். உள்ளே அனுப்பியவற்றின் பதிவில் அவர் முகவரியைத் தேடுங்கள். "தடுக்கப்பட்டது" என்று இருந்தால் ஆர்டர் மெயிலுக்குத் தனிப் பிரிவு உருவாக்கிக்கொள்ளுங்கள், அவருக்கு ரசீதை இப்போதே கையால் அனுப்புங்கள்.

தாளும்நூலும் எழுதியது:

தடுக்கப்பட்டிருக்கிறது. பார்த்தேன். பிரிவை மாற்றிவிட்டு, ரசீதை என் பெட்டியிலிருந்து நானே அனுப்பினேன். நான்கு வரி, ஆர்டர் எண், பொட்டலம் கிளம்பும் நாள். புது அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை.