புதுப்பிப்பு: ஸ்கிராட்சில் இரண்டு ஊசல், இரண்டு டைமர் (தீர்ந்தது)

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ஏற்காட்டில் ஏழாம் வகுப்புக்காக ஸ்கிராட்சில் (கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் மென்பொருள்) 1 மீட்டர், 25 செ.மீ. என இரண்டு ஊசல்கள் செய்தேன். ஒன்றின் டைமரைத் தொடங்கினால் மற்றதும் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, டைமரைப் பூஜ்யமாக்கும் ரீசெட்டைத் தொடாமல், தொடங்கும்போது உள்ள டைமர் மதிப்பை ஒரு மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் இடம்) வைத்து, ஓடும் டைமரிலிருந்து அதைக் கழிக்கச் சொன்ன யோசனைதான். ஸ்கிராட்சில் டைமர் ஒன்றே ஒன்று. எந்த ஸ்ப்ரைட் (திரையில் இயங்கும் உருவம், இங்கே ஒவ்வொரு ஊசலும்) ரீசெட் செய்தாலும் எல்லாவற்றுக்கும் ரீசெட். முதலில் அப்படியும் சரியாகவில்லை. மாறியை எல்லா ஸ்ப்ரைட்டுகளுக்கும் பொதுவாக உருவாக்கியிருந்தேன். அதை அழித்துவிட்டு, ஒவ்வொரு ஊசலிலும் 'இந்த ஸ்ப்ரைட்டுக்கு மட்டும்' என்று புதிதாக உருவாக்கியதும் இரண்டும் தனித்தனியே ஓடின.

எதிர்பாராத ஒன்று: கழித்து வரும் நேரம் 20-க்குச் சமமானால் நிற்கச் சொன்னேன், ஊசல் நிற்கவே இல்லை. டைமர் தசமத்தில் ஓடுகிறது, சரியாக 20-ஐத் தொடுவது அபூர்வம். '20-ஐ விடப் பெரியது' என்று போடுங்கள்.

அப்புறம் ஜன்னல் கம்பியில் நூல் கட்டி, இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். 1 மீட்டர் நூல் 10 முறை போய்வர 20 நொடி, கால் மீட்டர் நூலுக்கு 10 நொடி. திரையிலும் அதேதான். நீளம் கால்வாசியானால் நேரம் பாதி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.