விலங்குகள் மீதான மருந்துச் சோதனை: பயனும் அறமும்

கேள்வி (முதுகலை மாணவி)

உயிர்வேதியியல் முதுகலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். என் ஆய்வுத் திட்டத்தில் சுண்டெலிகளுக்கு மருந்து செலுத்தி, முடிவில் அவற்றைக் கொன்று ஈரலை எடுத்துப் பார்க்க வேண்டும். விலங்குச் சோதனையைத் தாண்டி மனிதர்களிடம் சோதிக்கப்படும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது சந்தைக்கு வருவதில்லை என்று படித்தேன். அப்படியென்றால் இந்தச் சோதனைகள் நமக்கு எதைத்தான் சொல்கின்றன? உடலமைப்பில் நம்மை ஒத்திருப்பதால் சுண்டெலியைச் சோதிக்கிறோம், ஆனால் நம்மைப் போன்றதல்ல என்பதால் கொல்லலாம் என்கிறோம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி (நச்சியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

பத்தில் ஒன்பது என்னும் கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். விலங்கு நிலையிலேயே நஞ்சென்று தெரிந்து கைவிடப்பட்டவை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மனிதர்களிடம் தோற்பவற்றிலும் பெரும்பகுதி நோயைக் குணப்படுத்தாததால் தோற்கின்றன. ஆளைக் கொன்றதால் தோற்பவை குறைவு. ஆகவே, இது குணமாக்குமா என்று விலங்கிடம் கேட்பதும், இது கொன்றுவிடுமா என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு அது தரும் பதிலே கூடுதலாக நம்பத்தக்கது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலையை 1937ஆம் ஆண்டில் அமெரிக்கா கண்டது. சல்ஃபனிலமைடு என்னும் கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பானில் கரைத்து இனிப்பான பானமாக விற்றார்கள். சில எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தாலே சிறுநீரகம் கெடுவது தெரிந்திருக்கும். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் குழந்தைகள் ஊனத்துடன் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தை விலங்குச் சோதனையின் தோல்வியாகப் பலர் காட்டுகிறார்கள். ஆனால் 1957இல் அது விற்பனைக்கு வருமுன் கருவுற்ற விலங்குகளில் முறையாகச் சோதிக்கப்படவே இல்லை. பின்னர் முயல்களிலும் குரங்குகளிலும் சோதித்தபோது ஊனம் வெளிப்பட்டது.

மறுமொழி (மருத்துவ அறவியல் ஆசிரியர்)

மேலே எழுதியவர் ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தாலிடோமைடால் வரும் அந்த ஊனம் எலிகளிலும் சுண்டெலிகளிலும் எளிதில் தெரிவதில்லை. எந்த விலங்கைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது என்றால், சரியான விலங்கு எதுவென்று முன்கூட்டியே நமக்கு எப்படித் தெரியும்? 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். அந்த நான்கும் பிழைத்தன. கினிப்பன்றிகளுக்கோ பென்சிலின் நஞ்சு. அவர்கள் கினிப்பன்றியை எடுத்திருந்தால் மருத்துவ வரலாறே வேறாக இருந்திருக்கலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தும் 2006இல் லண்டனில் நடந்ததை மறக்க முடியாது. டிஜிஎன்1412 என்னும் எதிர்ப்புரதத்தை, குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்கு மட்டுமே ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. அந்த மருந்து பற்றிக்கொள்ளும் புரதம், அக்குரங்குகளின் சில நோயெதிர்ப்பு உயிரணுக்களில் இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

இருந்தாலும் விலங்குச் சோதனையை முற்றாக நிறுத்து என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். நாஜி மருத்துவர்கள் கைதிகளின் மேல் செய்த கொடுமைகளுக்குப் பின் 1947இல் எழுதப்பட்ட நியூரம்பெர்க் நெறிமுறை, மனிதர் மீதான சோதனைக்கு முன் விலங்குச் சோதனையின் முடிவுகள் அடிப்படையாக இருக்க வேண்டும் என்றது. மனிதரைக் காப்பதற்காக எழுந்த அந்த நெறி, சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத உயிரின் மேல் சுமையை ஏற்றியது. உங்கள் தயக்கம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

மறுமொழி (ஆய்வகப் புள்ளியியலாளர்)

இவர்கள் இருவரும் விலங்கைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் சோதனையின் தரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ரஸல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிவியலாளர்கள் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகள், மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிர்ப்பதும், எண்ணிக்கையைக் குறைப்பதும், வேதனையைத் தணிப்பதும் ஆகும். முதலாவது எளிதன்று. ஊசிமருந்தில் காய்ச்சலூட்டும் மாசு உண்டா என்று முன்பு முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். பின்னர் லாட நண்டின் இரத்தத்தைக் கொண்டு சோதித்தார்கள், அதாவது முயலின் சுமை நண்டுக்கு மாறியது. இன்று அந்த இரத்தத்தில் மாசை உணரும் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்க முடிகிறது. அமெரிக்காவில் 2022இன் இறுதியில் வந்த சட்டத் திருத்தம், மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற வாசகத்தை நீக்கி, உயிரணுச் சோதனை, கணினி மாதிரி போன்றவற்றுக்கும் இடமளித்தது.

ஆனால் வீணாகும் விலங்குகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எந்த விலங்கு எந்தக் குழுவுக்கு என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்காமல், எதற்கு மருந்து கொடுத்தோம் என்பதை அறிந்த ஒருவரே முடிவையும் அளந்தால், அந்த விலங்குகள் இறந்தும் பயனில்லை. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் அதே கதிதான். குறைத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வதற்கு அங்கே இடமில்லை. நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் குழுவுக்கு ஆறு எலிகள் ஏன் என்று கேட்டபோது, எப்போதும் ஆறுதான் என்ற பதில் மட்டுமே கிடைத்தது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. என் திட்ட அறிக்கையைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். குழுவுக்கு எட்டு என்று இருக்கிறது, காரணம் எழுதப்படவில்லை, குலுக்கல் பற்றியும் ஒரு வரி இல்லை. அறநெறிக் குழுவுக்கு அனுப்புவதற்கு முன் அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று நெறியாளரிடம் கேட்கப் போகிறேன். ஈரல் உயிரணு வளர்ப்பில் முதல் கட்டத்தை முடித்துக்கொள்ள முடியுமா என்பதையும் அப்போதே கேட்பேன்.