வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் சாட்சியம்: 63 சான்றிதழ், ஹாஷ், ஏஐ எழுத்துப்படி

கேள்வி: பாலாற்றங்கரை

குடியாத்தம் கோர்ட்டில் கைமாற்றுக் கடன் வழக்கு, 2025-ல் போட்டது. பணம் வாங்கியதைப் பிரதிவாதியே ஒத்துக்கொள்ளும் வாய்ஸ் நோட் 4 இருக்கிறது. ஏஐ செயலியில் போட்டு எழுத்தாக்கியாச்சு. அந்தப் பிரிண்ட்டும் பென்டிரைவும் கொடுத்தால் போதுமா? சான்றிதழில் ஹாஷ் என்ற கட்டத்தில் என்ன எழுதணும்?

பதில்: சத்துவாச்சாரி

போதாது சார். 1.7.2024-க்குப் பிறகு போட்ட வழக்கு என்பதால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேணும். அன்றைக்கு நிலுவையில் இருந்த வழக்குக்குத்தான் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ். 63 சான்றிதழில் இரண்டு பகுதி. ‘ஏ’ பகுதியில் போன் யார் கையில் இருந்ததோ அவர் கையெழுத்து, ‘பி’ பகுதியில் நிபுணர் கையெழுத்து. வக்கீல் குமாஸ்தாவை ‘பி’ பகுதியில் போட வைக்காதீங்க. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஷா-256 என்ற முறையில் எடுத்தால் 64 எழுத்து வரும், அதை அப்படியே எழுதணும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் மொத்தமும் மாறிடும். பலரும் தவறுவது இங்கேதான்: வாய்ஸ் நோட் ‘ஓபஸ்’ வடிவில் இருக்கும், கேட்க வசதியாக எம்பி3 ஆக்கிப் பென்டிரைவில் போட்டுடறாங்க. அது வேறு கோப்பு, சான்றிதழோடு ஒட்டாது. போனை யூஎஸ்பி ஒயரில் கணினியோடு இணைத்து நேராக நகலெடுங்க, உடனே ஹாஷ் எடுங்க, அதன் பிறகு பென்டிரைவில் போட்டு மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்க.

பதில்: காட்பாடி ஜங்ஷன்

எழுத்துப்படி பற்றி. நம்ம பக்கத்துப் பேச்சை இந்தச் செயலிகள் சரியாகப் பிடிக்காது. ‘குடுத்துட்டன்’ என்றால் கடன் தீர்ந்தது, ‘குடுத்துடறன்’ என்றால் பாக்கி நிற்குது. நடுவில் ஓரிரு எழுத்து மாறினால் வழக்கே புரண்டுடும். யாரும் பேசாத இடைவெளியில்கூட ஏஐ சில சமயம் தானாகச் சொற்களை நிரப்பும். அதனால் அதைக் கரட்டுப் பிரதியாக மட்டும் வெச்சுக்கோங்க. ஹெட்போனில் கேட்டு வரிக்கு வரி திருத்தி, நிமிடம், நொடி, பேசுபவர் யார் என்று பக்கத்தில் குறிச்சுடுங்க. ‘இட்டாந்து’, ‘வாங்கிகினு’ என்று பேசியதை எழுத்துத் தமிழாக மாற்றாதீங்க. விசாரணை நீதிமன்றத்துக்குத் தமிழே போதும்.

வாதுரைக்கு முன்தீர்ப்புகளையும் ஏஐ-யிடம் கேட்கிறவங்க, ஒவ்வொன்றையும் திறந்து படிச்சுப் பாருங்க; உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அதற்கான இ-எஸ்சிஆர் தளத்தில் பாருங்க. 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஏஐ புனைந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

பாலாற்றங்கரை:

நன்றி சார். அந்தப் போன் உடைந்துபோய், பேக்கப்பிலிருந்து புதுப் போனில் ஏற்றியது. பரவாயில்லையா?

சத்துவாச்சாரி:

பரவாயில்லை, ஆனால் மறைக்காதீங்க. ‘ஏ’ பகுதியில் புதுப் போனின் மாடல், ஐஎம்இஐ எண் எழுதுங்க. எந்தத் தேதியில் பேக்கப்பிலிருந்து ஏற்றினது என்பதை நிரூபண வாக்குமூலத்தில் (சாட்சியத்தைப் பிரமாணமாக எழுதித் தரும் ப்ரூஃப் அஃபிடவிட்) தனிப் பத்தியாகச் சொல்லுங்க. உடைந்த போனைத் தூக்கிப் போடாதீங்க, அதையும் கோர்ட் கேட்கலாம்.