முற்றத்தில் தொலைநோக்கி: மனதை விட்டுப் போகாத ஓர் இரவு (அனுபவப் பகிர்வு)

உவர்மலை:
2024 செப்டெம்பர் 21. ஜனாதிபதித் தேர்தல் நாள், இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு. முதலாவது புரட்டாதிச் சனியும் அன்றுதான். அம்மம்மா காலையில் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்திருந்தார். நான் முற்றத்தில் 130 மில்லிமீற்றர் நியூட்டோனியன் கண்ணாடித் தொலைநோக்கியில் சனிக் கிரகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். மாட்டேன் என்றார். கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நிற்காமல், ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர்.

“இதில நேரே பார்க்கிறேல்லை அம்மம்மா. வெளிச்சம் அடிக் கண்ணாடியில பட்டு, மேல சின்னக் கண்ணாடியில திரும்பி, பக்கத்தாலதான் வெளியில வருது.”

அதற்குப் பிறகுதான் குனிந்தார். அந்த நாட்களில் சனி வளையத்தின் சாய்வு நான்கு பாகை அளவுதான். மணியில் ஊசி கோத்த மாதிரி இருந்தது. கனநேரம் பேச்சில்லை. “இவரோ அவர்? சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறார்.” பூமி சுற்றச் சுற்ற சனி ஓரத்துக்கு நகர, “போறார், போறார்” என்று அவரும் தலையைச் சாய்த்துக்கொண்டே போனார். போனை எடுத்து ஒரு படம் பிடிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

உப்புவெளி மணல்:
எனக்கு வியாழன். 2022 செப்டெம்பர் 26, மின்வெட்டுக் காலம். 59 வருடத்துக்குப் பிறகு இவ்வளவு கிட்ட, 59 கோடி கிலோமீற்றருக்கு வந்த நாள். எட்டு மணிக்கே கடற்கரையில் தொலைநோக்கியை வைத்துவிட்டேன். வலை பார்க்க வந்த ஓர் ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, நிலாக்களை “வலையில மிதப்புக் கட்டின மாதிரி வரிசையா நிக்குது தம்பி” என்றார். மகனுக்குக் காட்ட ஒரு படம் கேட்டார்.

போனைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் வைத்துப் பிடித்தேன். வெளிச்சத்தைக் குறைத்தால் வியாழனின் மேகப் பட்டைகள் தெரிகின்றன, நிலாக்கள் இல்லை. கூட்டினால் நிலாக்கள் வருகின்றன, வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டு. ஐயாவின் கண் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது. அவர் போனுக்கு நான் அனுப்பியது அந்த வெள்ளைப் பொட்டைத்தான். இன்றைக்கும் அவரைச் சந்தையில் கண்டால் மனம் கூசுகிறது.

மாரிமேகம்:
உப்புவெளித் தம்பி, குறை போனில் மட்டும் இல்லை, நேரத்திலும்தான். எட்டு மணிக்கு வியாழன் கிழக்கே கடலுக்கு மேல் தாழ்வாகத்தான் நின்றிருக்கும், காற்றின் அலைச்சல் முழுவதும் அதற்குள் வந்துவிடும். நள்ளிரவு மட்டும் பொறுத்திருந்தால் ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். நம் திருகோணமலை எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருப்பதன் கொடை அது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காதது.

இன்னும் சொல்கிறேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், பகல் சூடு இரவு முழுக்க எழும்பும். மண் முற்றம் நல்லது. தொலைநோக்கிக் குழாயை ஒரு மணித்தியாலம் முன்னரே வெளியில் வையுங்கள். படமாக அல்ல, வீடியோவாக எடுங்கள். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், பட்டைகள் இழுபட்டுப் போகும். ஓட்டோஸ்டாக்கெர்ட் என்ற கணினி மென்பொருளில் போட்டு, வீடியோவில் உள்ள தெளிவான படங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நிலாக்களுக்கு வேறு வீடியோ எடுத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், அடிக் கண்ணாடியில் உப்புக்காற்று படிந்தால் துணியால் தேய்க்கக் கூடாது. பற்றரிக்கு விடும் தண்ணீரால் கழுவிச் சாய்த்து வையுங்கள், அது தானாகக் காயும்.

என் கதை சின்னது. 2020 டிசம்பர் 21, வியாழனும் சனியும் ஒரே வில்லைக்குள் வந்த மாலை. மழை. துறைமுகப் பக்கம் ஐந்து நிமிடம் மேகம் விலகியது. நான் குழாயின் மூடியைத் தேடிக் கழற்றுவதற்குள் மூடிவிட்டது.

உப்புவெளி மணல்:
நள்ளிரவு வரைக்கும் ஐயா நிற்கமாட்டாரே அண்ணா. விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறவர். அவர் இருந்த நேரத்தில்தானே நான் காட்டலாம்? இரண்டு வீடியோவைச் சேர்க்கும் யோசனைக்கு நன்றி. அந்த ஐயாவுக்கு இன்னும் ஒரு படம் கடன்.

உவர்மலை:
மாரிமேகம் எழுதியதை நேற்று அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வளையம் 2025 மார்ச்சில் கோடாக ஒடுங்கி, இப்போது மற்றப் பக்கம் திறக்கிறது என்றும் சொன்னேன். முழுசாக எப்போது தெரியும் என்று கேட்டார். 2032 என்றேன். விரலில் எண்ணிப் பார்த்தார்.

“சரி, அந்த அடிக் கண்ணாடியைக் கழுவி வை.”